நான்கு விரலும் முன்னால்

எங்கள் கல்லூரியில் விலங்கியல் துறை என்றால் அது நான்தான். நான் லீவு போட்டால் துறைக்கே லீவு. துறைத் தலைவரும் நான், விரிவுரையாளரும் நான், மீன் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுகிறவளும் நான். இதில் எனக்குக் குறையொன்றும் இல்லை. குறை எங்கள் தாளாளர் ராஜப்பாவுக்குத்தான்.

"ஒருத்திக்கு ஒரு துறையா?" என்று போன வருஷமே ஆரம்பித்துவிட்டார். அவர் திட்டம் இதுதான்: விலங்கியலைத் தாவரவியலோடு சேர்த்து உயிர் அறிவியல் என்று ஒரே துறையாக்குவது. தாவரவியலில் மூன்று பேர் இருக்கிறார்கள், அதனால் அங்கிருக்கும் ராதிகா தலைவர். நான் அவளுக்குக் கீழே. விலங்கியல் என்ற பட்டப்படிப்பே இருக்காது, உயிர் அறிவியலில் ஒரு தாளாகச் சுருங்கிவிடும். எங்கள் கோலார் தங்கவயலில் பெண்பிள்ளை யாருக்காவது விலங்கியல் படிக்க ஆசை வந்தால், விடியுமுன்னே எழுந்து பெங்களூருக்கு ரயிலேற வேண்டியதுதான். பல்கலைக்கழகத்திலிருந்து ஆய்வுக் குழு வரும்போது திட்டத்தை முன்வைப்பார், அவர்கள் தலையசைத்தால் ஜூனில் என் துறையின் போர்டைக் கழற்றிவிடுவார்கள்.

என் கணவர் ஸ்டீவனுக்கு இது விளங்கவே இல்லை. தினமும் பெங்களூருக்கு ரயிலில் போய்வருகிற மனிதர், வீட்டுக்கு வரும்போது பாதி உயிர்தான் மிச்சம் இருக்கும். "சம்பளம் அதேதானே, போர்டுல இன்னா எழுதியிருந்தா உனுக்கு இன்னா?" என்றார். அன்றைக்குக் குழம்பில் உப்புப் போடவில்லை. வேண்டுமென்றேதான்.

குழுவுக்குக் காட்டுவதற்காக ராஜப்பா ஒரு பறவைக் கூடம் வைக்க ஆசைப்பட்டார். போன முறை வந்த குழு, கல்லூரியில் பார்க்கும்படியாக எதுவுமில்லை என்று எழுதிவிட்டுப் போனது அவருக்கு ரோஷமாகிவிட்டது. கீழ்த்தளத்தில் காலியாகக் கிடந்த அறையை வெள்ளையடித்து என்னிடம் கொடுத்தார். வாசலில் மயில் இருக்க வேண்டும், அடுத்து கிளி, அதற்கடுத்து வண்ண வண்ணமாக என்னென்ன உண்டோ அத்தனையும், காக்காயும் ஆந்தையும் கண்ணில் படாத மூலையில். ஜவுளிக்கடைக் கண்ணாடிப் பெட்டி மாதிரி ஒன்றை அவர் மனதில் வைத்திருந்தார்.

நான் ஒப்புக்கொள்ளவில்லை. பறவைகளை அடுக்குவதற்கென்று ஒரு முறை இருக்கிறது, வரிசை வரிசையாகத்தான் வைப்பேன் என்றேன். வரிசை என்றால் ஆள் உயரப்படி நிற்கிற வரிசை இல்லை. உடம்பின் அமைப்பை வைத்துப் பிரித்து, ஒரே வழியில் வந்தவற்றை ஒன்றாகச் சேர்க்கிற பெரிய பிரிவு அது. என் மாணவிகளுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன், நிறத்தைப் பார்க்காதீர்கள், பருமனைப் பார்க்காதீர்கள், இரண்டும் ஏமாற்றும். முதலில் காலைப் பாருங்கள், பிறகு அலகு, அப்புறம் எலும்பு. பேத்தமங்களா ஏரிக்கு அவர்களைக் கூட்டிப்போனால், வாத்துக் கூட்டத்தோடு கறுப்பாக, நெற்றியில் வெள்ளை நாமம் போட்டுக்கொண்டு நீந்துகிற நாமக்கோழியைக் காட்டுவேன். வாத்துக்கு விரல்களைச் சேர்த்துத் தோல் இருக்கும். நாமக்கோழிக்கு ஒவ்வொரு விரலுக்கும் தனித்தனியாகத் தோல் மடிப்பு. வாத்தோடு குளித்தாலும் அது வாத்து வரிசை இல்லை, நெடுநெடுவென்று நிற்கிற சாரஸ் பெருங்கொக்கின் வரிசை. காக்காயும் சிட்டுக்குருவியும் ஒரே வரிசை என்று சொல்லும்போது பிள்ளைகள் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்காகவே நான் இந்த வேலையில் இருக்கிறேன்.

ஆகவே வரிசைக்கு ஒரு மேடை, அந்த மேடையில் நம் பக்கத்துப் பறவைகள் என்று தீர்மானித்தேன். செத்த பறவையைப் பாடம் பண்ணி வைக்கச் சட்டம் விடாது, எனக்கும் அது பிடிக்காது. அதனால் பெங்களூரில் ஃபைபர் பொம்மை செய்கிற கிரண் என்பவரிடம் வேலையைக் கொடுத்தோம். எந்தப் பறவை, எந்த வரிசை, இங்கே எந்த இடத்தில் பார்த்தது என்று எல்லாவற்றுக்கும் எழுதி அனுப்பினேன். முக்குளிப்பான், பேத்தமங்களா. கொண்டலாத்தி, மைசூர் மைன்ஸ். இப்படி.

அனுப்புமுன் ராஜப்பா அதைப் படித்து ஓரிடத்தில் விரலை வைத்தார். தகைவிலானுக்கும் உழவாரனுக்கும் தனித்தனி மேடை எதற்கு என்று கேட்டார். இரண்டும் ஒரே மாதிரி சின்னக் குருவி, ஒரே மாதிரி வளைந்த சிறகு, இரண்டும் நாளெல்லாம் பறந்து பூச்சி தின்பது. தகைவிலான் இருக்கிற மேடையில் காக்கா, மைனா, சிட்டு என்று ஒரு கூட்டமே இருக்கிறது. உழவாரன் மேடையில் அது ஒன்றேதான்.

"ஒரே ஒரு குருவிக்கு ஒரு வரிசையா?" என்றார்.

அந்தக் கேள்வியை இதற்கு முன் எங்கே கேட்டேன் என்று எனக்குத் தெரியும். அவருக்குத்தான் தெரியவில்லை. மேடையை எடுத்தால் கூடமே வேண்டாம், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருந்தேன். வேறு ஆள் ஏது? முணுமுணுத்துக்கொண்டே விட்டுவிட்டார்.

குழு வருவதற்கு முந்தின நாள் காலை பெட்டிகள் வந்தன. ராதிகாவும் நானும் பிரித்தோம். கிரண் நல்ல கைக்காரர். ஆந்தையின் விரலில் இருக்கிற மயிரைக்கூட விடவில்லை. மீன்கொத்தியை எடுத்தபோது ராதிகா அதைத் தடவிக்கொடுத்தாள். கடைசிப் பெட்டியில் உழவாரன். வைக்கோலை விலக்கினால், ஒரு குச்சியின் மேல் வெள்ளை வெளேரென்று எலும்புக்கூடு உட்கார்ந்திருந்தது.

நான் உடனே கிரணைக் கூப்பிட்டேன். எல்லாப் பறவையும் இறகும் நிறமுமாக வந்திருக்க, இது மட்டும் ஏன் எலும்பாக வந்தது என்று கத்தினேன். அவர் கொஞ்சம்கூடப் பதறவில்லை. "மேடம், நீவே பரெதித்தீரல்லா, ஸ்கெலட்டன் அந்த" என்றார் கன்னடத்தில், ஸ்கெலட்டன் என்று நீங்களேதானே எழுதியிருக்கிறீர்கள் என்று.

நானேதான் எழுதியிருந்தேன். உழவாரன், ஸ்கெலட்டன்.

ஸ்கெலட்டன் எங்கள் ஏரியா. நான் பிறந்தது அங்கேதான், ஞானஸ்நானம் பெற்றது அங்கேதான், உழவாரன்களைப் பழைய மெஷின் ஷெட் சுவரில் முதலில் பார்த்ததும் அங்கேதான். மைன்ஸ் காலத்தில் யாரோ வைத்த பேர். ஆட்டோவில் ஏறி ஸ்கெலட்டன் என்றால் எந்த டிரைவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். கல்யாணப் பத்திரிகையில் போடுகிறோம், ரேஷன் கார்டில் இருக்கிறது. அந்தச் சொல்லுக்கு எலும்பு என்று ஓர் அர்த்தம் உண்டென்பதை, எலும்பு பற்றிப் பாடம் நடத்துகிற நானே, அந்த இடத்தில் எழுதும்போது நினைக்கவில்லை. பேத்தமங்களாவை இடம் என்று கண்டுகொண்ட கிரண், இதை உத்தரவு என்று எடுத்துக்கொண்டார். பாவம், படங்களைத் தேடிப் பார்த்து, ஒவ்வோர் எலும்பாகப் பல நாள் உழைத்திருக்கிறார். மற்றதைவிட இதற்குத்தான் அதிகம் வேலை என்று வேறு சொன்னார்.

ராதிகா சுவரில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். எனக்கும் அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம். அப்புறம்தான் நான் அதன் காலைப் பார்த்தேன்.

மூன்று விரல் முன்னால், ஒரு விரல் பின்னால். குச்சியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

உழவாரனுக்கு நான்கு விரலும் முன்னால்தான் இருக்கும். அந்தக் காலால் கிளையில் உட்கார முடியாது, கம்பியில் உட்கார முடியாது. தரையில் விழுந்தால் எழுந்து பறக்கத் திணறும். செங்குத்துச் சுவரில் நகத்தை மாட்டித் தொங்கும், இல்லாவிட்டால் பறந்துகொண்டே இருக்கும். தகைவிலானின் கால் அப்படியில்லை, பின்விரல் இருக்கிறது, கம்பியைப் பிடித்து வரிசையாக உட்காரும். இரண்டையும் பிரிக்கிற முக்கியமான அடையாளம் எதுவோ அதையே கிரண் மாற்றிவிட்டார். கேட்டால், விரலைப் பின்னால் வளைக்காவிட்டால் குச்சியில் நிற்கவில்லை, அதனால் வளைத்தேன் என்றார். எனக்குச் சிரிப்பு நின்றுபோயிற்று.

ராஜப்பா வந்து பார்த்தார். அவருக்கு ஒரே சந்தோஷம். நல்லதாகப் போயிற்று, எலும்புக்கு இறகா இருக்கிறது, யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள் என்றார். குச்சியோடு தூக்கித் தகைவிலான் பக்கத்தில் வைத்து, தகைவிலானின் எலும்புக்கூடு என்று சீட்டு ஒட்டச் சொன்னார். தனி மேடை வேண்டாம், அந்த இடத்தில் பூந்தொட்டி. நாளை குழு கேட்டால் நானும் அப்படியே சொல்ல வேண்டும். பிறகு குரலைத் தணித்துக்கொண்டு, நாளைக்கு மட்டும் ஒத்துழைத்தால் புதுத் துறையில் என்னை மரியாதையாக நடத்துவதற்கு அவர் பொறுப்பு என்றார். மரியாதைக்குப் பொறுப்பேற்கிற ஆளைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அவர் போனதும் ராதிகா மெல்ல என் பக்கத்தில் வந்தாள். தலைவர் பதவியை அவள் கேட்கவில்லை, அவளுக்கு அது தலைவலி. உன்னை எதிலும் தொந்தரவு பண்ண மாட்டேன், உன் லேபை நீயே வைத்துக்கொள், கையெழுத்து மட்டும்தான் நான் போடுவேன் என்றாள். மனதார நல்லதுதான் சொன்னாள். அதுதான் எனக்கு இன்னும் தாங்கவில்லை. கெட்டவள் ஒருத்தி என்னை விழுங்கினால் சண்டை போடலாம், நல்லவள் விழுங்கினால் நன்றியல்லவா சொல்ல வேண்டும்?

"ஏன்டீ, நீ நல்லவதான். ஆனா நான் உங்கூட சேந்த ஆளு இல்ல" என்றேன். "உனுக்கு இலை, எனுக்கு எலும்பு. அவ்ளோதான்."

அவள் முகம் வாடிவிட்டது. நான் சமாதானம் சொல்லவில்லை. கத்தரிக்கோலை எடுத்து, காலைக் குச்சியோடு கட்டியிருந்த கம்பியை வெட்டினேன். வளைந்த பின்விரலை இரண்டு காலிலும் ஒடித்தேன். ஒடிக்கும்போது ஃபைபர்தான் என்று தெரிந்தும் கை கூசியது. பசை போட்டு அந்த விரலை மற்ற மூன்றோடு முன்பக்கமாக ஒட்டினேன். ஜன்னலுக்குப் பக்கத்தில் சுவர் கொஞ்சம் சொரசொரப்பாக இருந்தது. அங்கே ஆணியடித்து, உழவாரனைத் தலை மேலாக, சுவரைப் பற்றித் தொங்குகிறபடி மாட்ட வேண்டும். எனக்கு எட்டவில்லை. நாற்காலியைக் கொண்டுவந்து போட்டது ராதிகாதான். நான் ஏறினேன், அவள் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

ராஜப்பா அனுப்பியிருந்த பூந்தொட்டியை வராந்தாவுக்குத் தூக்கிப் போட்டுவிட்டு, ஓர் அட்டையில் என் கையால் எழுதினேன். பெயர்: உழவாரன். வரிசை: அபோடிஃபார்மிஸ், அதாவது காலில்லாதவை. இடம்: ஸ்கெலட்டன்.

மறுநாள் குழுவில் மூன்று பேர். வந்ததுமே ராஜப்பா தன் திட்டத்தை அவர்கள் முன் வைத்துவிட்டார். தலைவி வேதியியல் பேராசிரியை, முகத்தில் சிரிப்பு என்பதே கிடையாது, கையில் ஒரு பேனா. ராஜப்பா கூடத்துக்குள் நுழைந்ததும் சுவரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வந்தவர்கள் முன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. மயிலைக் காட்டி அதிக நேரம் நின்று பேசினார். ஆனால் தலைவி நேராக ஜன்னல் பக்கம் போய்விட்டார். மற்றதெல்லாம் மேடையில் இருக்க இது மட்டும் ஏன் சுவரில் இருக்கிறது என்று கேட்டார்.

மேடை உடைந்துவிட்டது என்றார் ராஜப்பா. அது தகைவிலானின் எலும்பு, மாலைக்குள் சரியான இடத்தில் வைத்துவிடுவோம் என்றும் சொன்னார்.

"இல்ல மேடம்" என்றேன். "மேடை உடையல. அது தகைவிலான் இல்ல. இதுதான் அதுக்குச் சரியான எடம்."

காலைக் காட்டினேன், தகைவிலானின் காலையும் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். தலைவி லேசில் விடுகிற ஆளாக இல்லை. சிறகு ஒன்று, வாய் ஒன்று, தின்பது ஒன்று, ஒரு விரலுக்காகத் தனி வரிசையா என்று கேட்டார். விரல் மட்டுமில்லை என்று சிறகெலும்பைக் காட்டினேன். உழவாரனுக்கு மேல்கை எலும்பு கட்டைவிரல் நகம் போலக் குட்டையாக இருக்கும், கையெலும்புதான் நீளம். தகைவிலானுக்கு அப்படிக் கிடையாது. கிரண் எலும்பு வேலை பண்ணியதற்கு அந்த நிமிஷத்தில் மனதுக்குள் கும்பிடு போட்டேன், இறகு மூடியிருந்தால் இதைக் காட்டியிருக்க முடியாது.

"அப்புறம் ஏன் ரெண்டும் ஒரே மாதிரி இருக்கு?"

"ரெண்டும் ஒரே வேலை செய்யுது மேடம். பறந்துகினே பூச்சி புடிக்கிற வேலை. வேலைக்கு ஏத்த மாதிரி உடம்பு ஆயிடுச்சு. எங்க ஊர் மைன்ஸ்ல ஒரே ஷிஃப்ட்ல ஒரே கேஜ்ல எறங்கினவங்க எல்லாம் ஒரே நெறமாத்தான் மேல வருவாங்க, மூஞ்சி பூரா தூசி. அதுக்காக எல்லாரும் ஒரே குடும்பமா?"

தலைவி பேனாவை மூடினார், திறந்தார். இந்த வரிசையில் எத்தனை வைத்திருக்கிறீர்கள் என்றார். இங்கே ஒன்றுதான் என்றேன். பிறகு அவர் ராதிகா பக்கம் திரும்பி, உயிர் அறிவியல் துறைக்கு நீங்கள்தானே தலைவராகப் போகிறவர், இதையெல்லாம் உங்களால் நடத்த முடியுமா என்று கேட்டார். ராஜப்பா முந்திக்கொண்டு முடியும் என்றார்.

ராதிகா அவரைப் பார்க்கவே இல்லை. "என்னால முடியாது மேடம்" என்றாள். "எனக்கு இலைதான் தெரியும். அவ கீழ நான் படிக்கலாம். எங்கீழ அவள வெக்க முடியாது."

நேற்று அவளிடம் அப்படிப் பேசியதற்கு எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் என்னையும் பார்க்கவில்லை, முந்தானையைத் திருகிக்கொண்டு நின்றாள்.

கிளம்பும்போது தலைவி அட்டையைப் படித்தார். இடம் ஸ்கெலட்டன் என்று எழுதினால் யாருக்குப் புரியும், எலும்பு என்றுதான் நினைப்பார்கள், கோலார் மாவட்டம் என்று மாற்றுங்கள் என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அந்தச் சொல்லால்தான் இத்தனை கூத்தும். கோலார் மாவட்டத்தைக் கீழே சேர்த்துக்கொள்கிறேன், ஸ்கெலட்டனை எடுக்க மாட்டேன் என்றேன். தெரியாதவர்கள் கேட்கட்டும், கேட்டால் சொல்கிறோம். அவர் சரி என்றும் சொல்லாமல் கூடாது என்றும் சொல்லாமல் வெளியே போனார்.

சாயங்காலம் ராஜப்பா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். உட்காரச் சொல்லவில்லை. அடுத்த ஆய்வு வரைக்கும் விலங்கியல் தனித் துறையாகவே இருக்கட்டும் என்று குழு சொல்லிவிட்டுப் போயிருக்கிறது. அவர் அதைச் சொன்ன விதத்தில் யாரோ செத்துப்போன மாதிரி இருந்தது. பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். இனிமேல் எனக்கு உதவிக்கு ஆள் கிடையாது. லேபை நானே பெருக்க வேண்டும். இன்னொரு விரிவுரையாளர் வருவார் என்று கனவு காண வேண்டாம். ராதிகாவை என் பக்கம் போக வேண்டாம் என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, நான் அழுவேன் என்று நினைத்தாரோ என்னவோ, நாற்காலியில் சாய்ந்து என் முகத்தையே பார்த்தார்.

"தனியா கெடந்து இன்னாதான் பண்ணப் போறீங்க?" என்றார்.

"தனியா இருக்கறதுல எனக்கு ஒண்ணும் இல்ல சார்" என்றேன். "இன்னொருத்தர் பேர்ல இருக்கறதுதான் எனக்கு ஆவாது."